குண்டுக்காரனும் கபடிக்காரனும் ஒரு செம்பனைக் குலையும்

என் முட்டாள்தனத்தின் எடை ஆறு கிலோ. சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, தராசில் தொங்கவிட்டுப் பார்த்த எடை. முட்டாள்தனம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அதைக் கொக்கியில் மாட்டி நிறுத்துப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. கிடைத்த அன்று என் முன்பல் ஒன்று சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. என் மச்சானின் காறை எலும்பு இரண்டாக இருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. இருபத்திரண்டு வயது. கபடியில் பாடிப் போகிறவன். அவன் உடம்பில் கிள்ளி எடுக்க ஒரு சிட்டிகை கொழுப்பு கிடைக்காது. அந்தக் குடும்பத்துக்குச் சேரவேண்டிய கொழுப்பையெல்லாம் நான் ஒருத்தனே சுமந்துகொண்டிருக்கிறேன். மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஒரு சனிக்கிழமை காலை சிரம்பானில் நடப்பதாக இருந்தது. அந்த ஒரு காலைக்காக இரண்டு வருடம் எங்கள் குடியிருப்பான மம்பாவ் தாமானைச் சுற்றிச் சுற்றி ஓடினான். எங்கள் தெரு நாய்களே அவனைத் துரத்திக் களைத்து, கடைசியில் வாலாட்டிப் பழகிவிட்டன. முந்தின வருடம் கடைசி ஆளாகக் கழற்றி விட்டார்கள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். அதனால் அந்தச் சனிக்கிழமையை விட்டால் அவனுக்கு வேறு சனிக்கிழமை கிடையாது.

அதற்கு முந்தின ஞாயிறு, லாபு பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய தோட்டத்தில் திருவிழாவுக்கு மறுநாள். நாங்கள் எல்லாரும் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது. ஆனால் சாமி மட்டும் மாற்றல் கேட்காமல் அங்கேயே இருக்கிறது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை போய்க் கும்பிட்டு, மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு, பாடாங் திடலில் எதையாவது விளையாடி, கைகால் எதையாவது சுளுக்கிக்கொண்டு திரும்புவது எங்கள் வழக்கம்.

கார் கதவைச் சாத்தும்போது மனைவி சொன்னாள்: "சனிக்கிழமை தேர்வுங்க. தம்பி மேல ஒரு கீறல் விழுந்தாலும் டாக்டரக் கேக்க மாட்டேன். உங்களத்தான் கேப்பேன்."

"கோயிலுக்குத்தானே போறோம். அவன சாமி பாத்துக்கும் லா."

"அவன சாமி பாத்துக்கும். உங்கள யாரு பாத்துக்கறது?"

நான் சிரித்தேன். சிரிக்க அப்போது எல்லாப் பல்லும் இருந்தது.

பந்தியில்தான் தொடங்கியது. எனக்கு இடப்பக்கம் மச்சான், வலப்பக்கம் குண்டு எறிகிறவன். இந்தக் குண்டுக்காரன் அந்தக் காலத்துத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. இப்போது ரஹாங்கில் இருக்கிறான். லோரியில் அலமாரி, கட்டில் ஏற்றி இறக்குகிற வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து இந்த முப்பது வயது வரைக்கும் இரும்புக் குண்டை விடாமல் எறிந்துகொண்டிருக்கிறான். அவன் கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று அவனைப் பெற்றவளுக்கே தெரியாது. அவனோடு கை குலுக்கினால் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

"கபடி என்னாண்ணே கபடி," என்றான் என்னிடம், மச்சான் காதில் விழும்படி. "ஓடிப் புடிச்சு வெளையாடறது. என் மக கூடத்தான் வெளையாடறா."

மச்சான் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "குண்டு மட்டும் என்னா? ஒரு உருண்டைய வேணாம்னு தூக்கிப் போடறது. குப்பைக்காரரும்தான் தெனமும் போடறாரு. அவருக்கு யாரு மெடல் குடுத்தா?"

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் ரசத்தைக் கேட்டு வாங்கிப் பேச்சை மாற்றியிருப்பான். நான் விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தேன். வேலையிடத்தில் சாப்பாட்டு நேரமெல்லாம் ஹென்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஆறே மாதத்தில் நான் விளையாட்டு விஞ்ஞானி ஆகியிருந்தேன். ஓட்டக்காரன், பளு தூக்குகிறவன், மல்யுத்தக்காரன், பந்தடிக்கிறவன் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து யார் உடம்பில் என்ன இருக்கிறது என்று அளந்து காட்டுகிற வீடியோக்கள்.

"பலம் வேற, வெடிப்பு வேற," என்றேன், அப்பளத்தை ஆட்டிக்கொண்டு. "எவ்வளவு பாரம் தூக்குறன்னு கேட்டா அது பலம். எவ்வளவு சீக்கிரத்துல தூக்குறன்னு கேட்டா அது வெடிப்பு. மாடு பலம். பட்டாசு வெடிப்பு."

"நீங்க எதுண்ணே?"

"நான் நனைஞ்ச பட்டாசு."

சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். "மூணே மூணு போட்டி. யாரு பெரியவன்னு நான் அளந்து சொல்றேன்" என்று என் வாய் சொன்னது. என் உடம்பில் வெடிப்பு இருக்கிற ஒரே உறுப்பு அதுதான்.

முதல் போட்டி, நின்ற இடத்திலிருந்து இரண்டு காலையும் சேர்த்துத் தாவுவது. மச்சான் தாவினான், வாய்க்காலைத் தாண்டுகிற பூனை மாதிரி சத்தமே இல்லாமல் போய் இறங்கினான். அடுத்து குண்டுக்காரன் முறை. அவ்வளவு பெரிய உடம்பு ஏதோ முன்னால் இரண்டடி நகரும் என்று நினைத்தேன். அவன் குந்தினான், தொடை இரண்டும் புடைத்தன, அப்புறம் ஆள் அங்கே இல்லை. அலமாரி ஒன்று மாடியிலிருந்து விழுவதுபோல் மச்சானின் தடத்துக்கு ஒரு சாண் பின்னால் வந்து விழுந்தான். முழங்கால் தரையில் உரசி, தோல் தேங்காய்த் துருவலாக வந்தது. அவன் ரத்தத்தைப் பார்க்கவில்லை, அந்த ஒரு சாணைத்தான் பார்த்தான்.

குண்டு எறிகிறவனை நாம் மாடு என்று நினைக்கிறோம். அது தப்பு. அவன் வாழ்க்கை முழுதும் ஒரு சின்ன வட்டத்துக்குள், கண் இமைக்கிற நேரத்துக்குள் நடந்து முடிகிறது. அந்த நேரத்துக்குள் மொத்த உடம்பையும் காலி செய்ய வேண்டும். கபடிக்காரன் அப்படி இல்லை. ஒரே மூச்சில் முப்பது தடவை கொஞ்சம் கொஞ்சமாக வெடித்து, பாக்கி வைத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். ஒருத்தன் பீரங்கி, இன்னொருத்தன் சரவெடி. இரண்டையும் ஒரே தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. இந்த ஞானமெல்லாம் எனக்குப் பல் போன பிறகு வந்தது.

இரண்டாவது போட்டி, பாடாங் ஓரமாக நின்ற குலை ஏற்றும் டிரெய்லரின் மூக்கைத் தூக்குவது. டிராக்டரில் மாட்டுகிற அந்த இரும்பு நுனியை மச்சான் முழங்கால்வரை தூக்கினான். கழுத்து நரம்பெல்லாம் கயிறாகத் தெரிந்தது. குண்டுக்காரன் இடுப்புவரை தூக்கி, மச்சான் முகத்தைப் பார்த்துச் சிரித்து, மெல்ல இறக்காமல் அப்படியே விட்டான். அளப்பதற்காக நான் குனிந்து நின்ற இடத்தில் என் இடது கால் பெருவிரல் இருந்தது. காலைச் செருப்பிலிருந்து உருவியபோது நகம் செருப்பிலேயே தங்கிவிட்டது. நான் நின்ற இடத்திலேயே ஒரு தாவு தாவினேன். முதல் போட்டியில் அதைச் சேர்த்திருந்தால் நான்தான் ஜெயித்திருப்பேன்.

ஆளுக்கு ஒன்று ஆயிற்று. கூட்டம் கூடிவிட்டது. மேளத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி அவிழ்த்து உறுமியை இழுக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு முதுகெலும்பில் எறும்பு ஊரும். சண்டை இல்லாத இடத்திலும் சண்டை முளைக்கும்.

மூன்றாவது போட்டிதான் என் மூளையின் சொந்தச் சரக்கு. வீடியோவில், எல்லா விளையாட்டுக்காரர்களையும் ஒரே மாதிரி அளக்க ஒரு கனமான பந்தைக் கொடுத்து, குனிந்து எடுத்து, தலைக்கு மேலே பின்பக்கமாக எறியச் சொல்வார்கள். தோட்டத்தில் அந்தப் பந்துக்கு எங்கே போவது? ரோட்டோர மேடையில் எண்ணெய் ஆலைக்குப் போக வெட்டி அடுக்கிய செம்பனைக் குலைகள் இருந்தன. பந்து மாதிரியேதான் இருக்கும், என்ன, சுற்றிலும் முள். அதோடு ஒரு குலையை ஒருமுறைதான் எறிய முடியும். விழுந்தவுடன் பழம் உதிர்ந்து எடை குறைந்துவிடும். ஆகவே ஆளுக்கு ஒரு குலை, இரண்டும் ஒரே எடையில் வேண்டும்.

இன்னும் அந்தத் தோட்டத்திலேயே கங்காணி வேலை பார்க்கிற மண்டோர் கேட்டார்: "வீட்டுல தொங்கத் தராசு இருக்கு. எடுத்தாரவா?"

"எதுக்குண்ணே தராசு? எங்கப்பா இருவது வருசம் இந்தத் தோட்டத்துல குலை பாத்தவரு. பாத்த ஒடனே எடை சொல்வாரு. அந்தக் கண்ணு எனக்கும் இருக்கு."

"உங்கப்பா கண்ணு உங்கப்பாகிட்ட இருந்துச்சு லா," என்றார் மண்டோர்.

கூட்டம் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மேடைமேல் ஏறி, டாக்டர் வயிற்றைத் தட்டுவது மாதிரி ஒவ்வொரு குலையாகத் தட்டி, இரண்டைப் பொறுக்கினேன். ஒன்று பெரிய குலை. மற்றது கொஞ்சம் சின்னது, கறுப்பு, அடியில் வாய்க்கால் ஓரமாகக் கிடந்தது. பெரியதில் உள்ளே சதையில்லாத பொய்க்காய் இருக்கும், சின்னது கெட்டி, இரண்டும் சரிக்குச் சரி என்று தீர்ப்புச் சொல்லி, சின்னதை மச்சானிடம் கொடுத்தேன். அதன் பழைய மரத்துக் கனத்த காம்பும், வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக் குடித்து அது ஊறிக் கிடந்ததும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

குண்டுக்காரன் எறிந்தான். குலை அவன் தலைக்கு மேலே எழும்பி, பழங்களைச் சிதறவிட்டுக்கொண்டு, பதினெட்டு அடி தள்ளி விழுந்து மண்ணைப் பெயர்த்தது. முள் கிழித்த கையைச் சட்டையில் துடைத்தான். சட்டையில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்தன.

மச்சான் குனிந்தான். இரண்டு கையையும் குலைக்கு அடியில் கொடுத்தவன், ஒரு நிமிடம் நிறுத்தி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். உற்சாகம் கேட்கிறான் என்று நினைத்து நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவன் குலையின் பக்கம் திரும்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தான். பதினாறு அடி.

"அதான் சொன்னேன்," என்றான் குண்டுக்காரன், ஊர் கேட்க. "கபடிக்காரன்கிட்ட பாட்டுதான் இருக்கு. போ தம்பி, கோயில்ல போயி பஜனை பாடு."

மச்சானின் இரண்டு உள்ளங்கையிலிருந்தும் ரத்தம் சொட்டியது. "கோட்டுக்குள்ள வா," என்றான். "பாட்டு கேக்கலாம்."

அங்கேதான் நான் "வேணாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். மனைவியின் முகம் ஒருமுறை வந்துபோனது. சனிக்கிழமையும் வந்துபோனது. ஆனால் உறுமி கேட்டுக்கொண்டிருந்தது, வீடியோ எடுக்க ஹென்போனில் பேட்டரியும் பாதிக்கு மேல் இருந்தது. "ஒரே ஆட்டம்தான்" என்றேன். போதாக்குறைக்கு, தடுக்கிற பக்கம் ஆள் இல்லை என்றதும் ஹென்போனை யார் கையிலோ கொடுத்துவிட்டு, நகம் போன காலோடு குண்டுக்காரன் பக்கத்தில் நானே போய் நின்றேன். மண்டோர் விசிலை ஊதினார்.

மச்சான் பாடிக்கொண்டு வந்தான். கபடிகபடிகபடி. சாப்பாட்டு மேசையில் என்னிடம் உப்புக் கேட்கிற பையன் இல்லை அது. குனிந்து, கண்ணை எங்கள் கால்மேலேயே வைத்து, இடமும் வலமும் ஆடினான். குண்டுக்காரன் பிடிக்கப் பாய்ந்தான். மச்சான் திரும்பின திரும்பில் குதிகால் மேலே வந்து அவன் வாயில் இறங்கியது. உதடு பிளந்து தொங்கியது. மச்சான் கோட்டைத் தொட்டுவிட்டு, மூச்சு மாற்றிக்கொண்டு மறுபடி வந்தான். ஆட்ட விதிப்படி குண்டுக்காரன் அவுட். யார் விதியைப் பார்த்தார்கள்? அவன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வா," என்றான்.

இரண்டாவது முறை நான் மச்சானின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். பிடித்ததாகத்தான் நினைக்கிறேன். அவன் முழங்கை பின்னால் வந்தது. வானம் ஒருமுறை சுற்றியது. எழுந்து பார்த்தால் என் பல் என் உள்ளங்கையில் இருந்தது. ரொம்ப நாள் வீட்டுக்குள்ளேயே இருந்த ஆளை முதன்முதலாக வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வெறி வந்துவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை, யாருக்குச் சனிக்கிழமை, எல்லாம் மறந்துபோயிற்று. "விடாதே! புடிச்சு அமுக்குடா!" என்று கத்தினேன். வாயிலிருந்த ரத்தம் வார்த்தையோடு சேர்ந்து தெறித்தது.

மூன்றாவது முறை குண்டுக்காரன் பாயவில்லை. குந்தினான். அந்தக் குந்தல் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அளந்திருந்தேன். தலை குனிந்திருக்கிறவனைத் தாண்டிவிடலாம் என்று மச்சான் எகிறினான். அதே நொடி குண்டுக்காரன் எழுந்தான். மத்தியானத்திலிருந்து நான் தனித்தனியாக அளந்துகொண்டிருந்த இரண்டு வெடிப்பும் ஆகாயத்தில் ஒன்றோடொன்று மோதின. மச்சான் காற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, தோள் கீழாக வந்து விழுந்தான். காய்ந்த பனைமட்டையைக் காலால் மிதித்து முறிக்கிற சத்தம் கேட்டது. உறுமி நின்றது.

அவன் பாட்டு மட்டும் நிற்கவில்லை. கபடிகபடி என்று மண்ணுக்குள் வாயை வைத்துக்கொண்டே முனகினான். சட்டை விலகின இடத்தில் எலும்பு தோலைக் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. குண்டுக்காரன் பேய் அறைந்தவன்போல் பின்வாங்கிவிட்டான். மச்சான் நல்ல கையை மண்ணில் ஊன்றி இழுத்தான். உடம்பு அரை அடி நகர்ந்தது. மறுபடி இழுத்தான். "போதும்டா, விடுடா" என்று நான் அழுதேன். விரல்நுனி நடுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் பாட்டை நிறுத்தினான். அதற்கப்புறம்தான் அலறினான்.

சிரம்பான் ஆஸ்பத்திரி வரைக்கும் குண்டுக்காரன் பின்சீட்டில் அவனைக் குழந்தைபோல் மடியில் சாய்த்து, அந்தக் கை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தான். கிழிந்த உதட்டோடு "தம்பி, தம்பி" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டிக் காட்டினார். எத்தனை மாதம் என்று மச்சான் கேட்கவில்லை. சனிக்கிழமைக்குள் இல்லை என்பது மட்டும் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மனைவி வந்தாள். சொன்னபடியே டாக்டரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"பல்லு எங்க?"

"பாக்கெட்ல."

"பத்திரமா வச்சிக்குங்க. அடுத்த தடவ வாயத் தெறக்கறதுக்கு முன்னால எடுத்துப் பாத்துக்குங்க."

அன்று சாயங்காலம் மண்டோர் போன் செய்தார். பாடாங்கைக் கூட்டும்போது மனசு கேட்காமல், உதிர்ந்த பழத்தையும் தனித்தனிச் சாக்கில் பொறுக்கிப் போட்டு, இரண்டு குலையையும் தராசில் தொங்கவிட்டிருக்கிறார். குண்டுக்காரன் எறிந்தது இருபத்தொன்று. மச்சான் எறிந்தது இருபத்தேழு.

"ஆறு கிலோ, தம்பி. நான் யாருகிட்டயும் சொல்லல."

சரியான குலையாக இருந்திருந்தால் மச்சான் ஜெயித்திருப்பான். ஜெயித்திருந்தால் அந்தப் பேச்சு இல்லை. பேச்சு இல்லாவிட்டால் கோடு இல்லை, பாட்டு இல்லை, அந்தச் சத்தம் இல்லை. தராசை எடுத்துவர மண்டோருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு கிளாஸ் தே குடிக்கிற நேரம்.

அந்த ஆறு கிலோவைப் பற்றி ஆறு நாள் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கிலோ வீதம் சுமந்தேன். மச்சானுக்குக் கஞ்சி ஊட்டினேன், சட்டை மாட்டிவிட்டேன், முதுகு சொறிந்தேன். அவன் "தேங்க்ஸ் மாமா" என்று சொன்னபோதெல்லாம் என் பல் போன ஓட்டை வழியாகக் காற்றுதான் வந்தது. குண்டுக்காரன் தினமும் போன் செய்து, "ஒட்டிடுச்சாண்ணே?" என்று கேட்டான். எலும்பைக் கோந்து போட்டு ஒட்டுவதாக நினைத்தானோ என்னவோ. அவனிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மச்சான் கட்டுப் போட்ட கையோடு வாசலில் வந்து நின்றான். "வண்டிய எடுங்க மாமா. பாத்துட்டு வரலாம்."

தேர்வு மண்டபத்தில் மேல்வரிசையில் உட்கார்ந்தோம். கீழே மெத்தைமேல் உடம்பும் உடம்பும் மோதின. ஒவ்வொரு மோதலுக்கும் மச்சானின் நல்ல கை மூடித் திறந்தது. பெயர் வாசித்தார்கள். பழைய பட்டியல் போலிருக்கிறது, அவன் பெயரையும் வாசித்தார்கள். ஒருமுறை. இரண்டாவது முறை. பிறகு பேனாவால் ஒரு கோடு. கீழே யாரோ ஒருவன் பாடிக்கொண்டு போனான். பக்கத்தில் மச்சானின் உதடு சத்தமில்லாமல் அதே பாட்டைப் பாடியது.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மச்சான்," என்றேன். "அந்தக் குலை... உனக்கு நான் குடுத்தது சரியில்லடா. அவனோடத விட ஆறு கிலோ கூட. நிறுத்துப் பாத்துட்டாங்க. எனக்கு அன்னிக்குச் சாயங்காலமே தெரியும். உன்கிட்டதான் சொல்லல."

அவன் மெத்தையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தூக்குனவன் நான்தானே, மாமா."